பதினேழாம் எண் வெள்ளைக் கம்பு

அத்தியாயம் 9

ஒரு ஆளுக்குக் கோப்பி கலக்க எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது? ஆட்டம் ஏழரைக்குத்தான். பத்துமலை நாலரைக்கே எழுந்துவிட்டார். குளித்து, கோப்பி குடித்து, குடித்த மங்குக் குவளையைக் கழுவிக் கவிழ்த்த பிறகும் மணி ஐந்தேகால்தான்.

ஈப்போவுக்கு வெளியே இருந்த கோல்ஃப் கிளப்பின் இயந்திரக் கொட்டகைக்குப் பின்னால் ஒட்டிக் கட்டிய ஓர் அறை. அதுதான் அவர் குடியிருப்பு. மனைவி பாப்பா இருந்தவரை அதை வீடு என்று சொல்லலாம். அவள் போய் நாலு வருசம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. இப்போது அந்த அறையில் அவர் குரலைக் கேட்பது அவர் மட்டும்தான்; அதுவும் ரேடியோவுக்குப் பதில் சொல்லும்போது.

இன்று அர்ச்சுனன் வருகிறான்.

ஆறு வருசமாகப் பேசாத தம்பி. அந்தப் பழைய சங்கதியை இன்னொரு முறை தொட்டுக்கொள்ளாமல் இன்றைய நாளுக்குள் போக முடியாது.

எழுபத்தேழாம் வருசம் அர்ச்சுனனுக்கு இருபத்தொரு வயது. இதே கிளப்பில் கேடியாக இருந்தான். மெம்பர்களின் மட்டைப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர்கள் பின்னால் நடக்கிற வேலை. ஆனால் விடியற்காலையில், யாரும் வருவதற்கு முன்னால், ஒரு மெம்பரின் மட்டையை எடுத்து ஐந்தாம் குழியில் தனியாக ஆடிப் பழகியிருக்கிறான். பனி ஈரத்தில் தடம் விழுந்திருந்தது. அப்போதைய செயலாளர் புல்வெளி வேலையாட்களை நடத்தும் மண்டோராக இருந்த பத்துமலையைக் கூப்பிட்டு, "இது யார் கால்?" என்று கேட்டார்.

பத்துமலை குனிந்து பார்த்தார். "என் தம்பியோடது," என்றார்.

பத்து மணிக்கெல்லாம் வேலை போய், இனி உள்ளே வரக் கூடாது என்ற தடையோடு அர்ச்சுனன் கேட்டுக்கு வெளியே நின்றான். அன்றோடு அண்ணனிடம் பேச்சு நின்றது. அண்ணி செத்தபோது வந்தான். காரியம் முடியும்வரை ஓரமாக நின்றான். ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டான்.

இப்போது புதிய கேப்டனாக வக்கீல் சாத்தப்பன் வந்திருக்கிறார். பழைய தடையை எடுத்துவிட்டார். ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் கோச்சுக்குத் துணையாக ஓர் ஆள் வேண்டும். பழைய கேடிகளில் நாலு பேர் பதினெட்டுக் குழியும் ஆடட்டும், குறைந்த அடியில் முடிப்பவனுக்கு அந்த வேலை என்று கமிட்டி முடிவு செய்தது. நாலு பேர் பட்டியலை ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி வாசித்துக் காட்டியபோது, மூன்றாவது பெயரைப் பத்துமலை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.

வெளிச்சம் வர இன்னும் நேரம் இருந்தது. எல்லைக் கம்புகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வரலாமா என்று தோன்றியது. நேற்று மாலைதான் நடந்து பார்த்தோமே என்று உட்கார்ந்துவிட்டார். அது மட்டும் காரணம் இல்லை. கம்புகளைச் சுற்றிவரும் வழி கார் நிறுத்தும் இடத்தை ஒட்டிப் போகிறது. வெளிச்சம் வந்து சுற்றி முடிப்பதற்குள் தம்பி வந்துவிடுவான். எதிரில் போய் நிற்க அவருக்குக் கால் எழவில்லை.

* * *

கிளப்பின் உள்ளூர் விதிகள் ஓர் அட்டையில் ஆங்கிலத்தில் அடித்து, கண்ணாடி போட்ட பலகைக்குள் தொங்கின. பத்துமலைக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனால் அந்த விதிகளை மண்ணில் நட்டது அவர்தான்.

வெள்ளைக் கம்புக்கு அப்பால் போன பந்து வெளி. ஓர் அடி தண்டம். அதோடு, அடித்த இடத்துக்கே திரும்பி நடந்து மறுபடி அடிக்க வேண்டும். சிவப்புக் கம்பு, ஈயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கிய ஈயக் குட்டையின் கரை. பந்து தண்ணீரில் விழுந்தால் ஓர் அடி தண்டத்தோடு போகும். அது கரையைத் தாண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே வேறு பந்து போட்டு ஆடலாம். ஆட்டக்காரர்கள் சிவப்பைக் கண்டு முகம் சுளிப்பார்கள். வெள்ளையைக் கண்டால் பயப்படுவார்கள்.

வெள்ளைக் கம்புகள் மொத்தம் நாற்பத்தொன்று. ஒவ்வொன்றுக்கும் அடியில் எண் எழுதி, குழி தோண்டி, சுற்றிலும் உடைந்த செங்கல் போட்டு இடித்து நட்டிருந்தார். நேற்று, சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்து, "41 இருக்கிறது" என்று எழுதி, கிராணியின் தாளில் தமிழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்.

ஏழு மணிக்கு அர்ச்சுனனின் மோட்டார் சைக்கிள் வந்தது. பின்னால் மங்களம் உட்கார்ந்திருந்தாள். பத்துமலைக்குத் தங்கச்சி, அர்ச்சுனனுக்கு அக்கா. புருசன் சிலிம் ரிவர் பக்கம் இன்னொருத்தியோடு குடித்தனம் போட்ட பிறகு ஈப்போ புந்தோங்கில் கச்சாங் பூத்தே என்னும் கடலை வறுக்கிற இடத்தில் வேலை செய்து, தம்பியையும் தன்னோடு வைத்துக்கொண்டவள். சனிக்கிழமை தவறாமல் பஸ் ஏறி அண்ணனுக்குக் குழம்பு கொண்டு வருகிறவளும் அவள்தான்.

கொட்டகை வாசலில் நின்ற பத்துமலையை அர்ச்சுனன் கடந்து போனான். கறுப்பு முழுக்கால் சிலுவாரைத் தேய்த்துப் போட்டிருந்தான். இருபத்தேழு வயதில் காதோரம் நரை தெரிந்தது. அது எப்போது வந்தது என்று பத்துமலைக்குத் தெரியாது.

மங்களம் மட்டும் நின்றாள். "பசியாறியாச்சா அண்ணே?"

"ஆச்சு. நீ?"

"அவன் ஒண்ணுமே சாப்புடலண்ணே. ராத்திரி பூரா பொரண்டுக்கிட்டே கெடந்தான்." ஒரு கச்சாங் பூத்தே பொட்டலத்தை அவர் கையில் வைத்தாள். அவள் கடைசிக் குழிப் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். தம்பியின் ஆட்டத்தை நினைத்துத் தவிக்கிறாள் என்றுதான் எண்ணிக்கொண்டார்.

"நல்லா ஆடுவான்," என்றார்.

"நீங்க ஒரு வார்த்த அவன்கிட்ட சொல்லலாம்லா."

"நான் சொன்னா கெட்டுப் போவும் தங்கச்சி. விடு."

* * *

பதினோரு மணி வெயிலில் அர்ச்சுனன் கடைசிக் குழிக்கு வந்தபோது ஆ சேங்கைவிட இரண்டு அடி குறைவாக இருந்தான். மற்ற இருவரும் எப்போதோ பின்தங்கிவிட்டார்கள். ஆ சேங் கோப்பேங் ஊர்ச் சீனன்; பார்க்கப் பையன் போல இருப்பான். வயது முப்பது, இரண்டு பிள்ளைகள். அவனுக்கும் இந்த வேலை தேவைதான்.

பதினெட்டாம் குழி பொல்லாதது. இடது பக்கம் முழுக்க ஈயக் குட்டை. தண்ணீருக்குப் பயந்து எல்லோரும் வலது பக்கம் சாய்த்து அடிப்பார்கள். வலது பக்கம் பழைய எஸ்டேட்டின் மிச்சம்: கித்தா எனும் ரப்பர் மரம் கொஞ்சம், மரப்பால் எடைபோட்ட, இடிந்துபோன பால் ஸ்டோர். ஒரு காலத்தில் பத்துமலையும் மங்களமும் வாளியைத் தோளில் சுமந்துபோய்ப் பால் நிறுத்தது அந்தச் சுவருக்குள்தான். எஸ்டேட் துண்டுபோட்டு விற்கப்பட்டபோது அந்த மூலை மட்டும் வேறு யாருக்கோ போயிற்று. அதனால் அங்கே எல்லை நேராகப் போகாது. பதினாறாம் கம்பிலிருந்து உள்ளே வளைந்து பதினேழுக்கு வரும்; பதினேழிலிருந்து மறுபடி விலகிப் பதினெட்டுக்குப் போகும்.

ஆ சேங் முதலில் அடித்தான். பந்து நடுப் புல்லில் போய் நின்றது.

அர்ச்சுனன் மட்டையை ஓங்கியபோது, மணற்குழி ஓரம் வாரிக்கொண்டிருந்த பத்துமலை வாரியை நிறுத்தினார். அடித்த சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. பந்து நேராகக் கிளம்பி, உச்சியில் வலது பக்கம் வளைந்து, பால் ஸ்டோர் முன்னால் விழுந்து, உருண்டு நின்றது.

அர்ச்சுனன் நெற்றியில் கை வைத்து வெயிலை மறைத்துப் பார்த்தான். பதினாறாம் கம்பு தெரிந்தது, பதினெட்டாம் கம்பு தெரிந்தது. நடுவில் நின்ற பழைய கம்பு கண்ணில் படவில்லை; இந்த ஆறு வருசத்தில் எல்லையை நேராக்கிவிட்டார்கள் என்று எண்ணிக்கொண்டான். இரண்டுக்கும் நேராகப் பார்த்தால் பந்து உள்ளே. சந்தேகம் என்றால் அங்கேயே இன்னொரு பந்து அடித்து வைத்திருக்கலாம். அவனுக்குச் சந்தேகம் வரவில்லை. மட்டையைப் பையில் போட்டுவிட்டு நடந்தான்.

பந்துக்குப் பக்கத்தில் வந்ததும் ஆ சேங்தான் நின்றான். அவன் இந்தப் புல்வெளியில் பத்து வருசம் நடந்தவன். "பாங், அண்ணே, இங்க ஒரு கம்பு இருக்கும்லா," என்று பத்துமலையைப் பார்த்துக் குரல் கொடுத்தான், மலாயும் தமிழும் கலந்து. "ஸ்டோர் முன்னுக்கு. எங்க போச்சு?"

 பத்துமலை வாரியைக் கீழே போட்டுவிட்டு நடந்தார். பதினேழாம் கம்பு இல்லை.

ஆளனுப்பிக் கேப்டனைக் கூப்பிட்டார்கள். சாத்தப்பன் விதிப் புத்தகத்தோடு வந்தார். கிளப் கட்டடத்திலிருந்து பத்திருபது பேர் பின்னால் வந்தார்கள். மங்களமும் வந்தாள், எல்லோருக்கும் பின்னால், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு.

சாத்தப்பன் நிதானமான மனிதர். அட்டையையும் புத்தகத்தையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெள்ளைக் கம்புதான் எல்லை. அதை யாரும் பிடுங்கக் கூடாது. பிடுங்கியிருந்தா, அது முதல்ல எங்க இருந்துச்சோ அந்த இடம்தான் எல்லை. அந்த இடம் நிச்சயமாத் தெரியலன்னா, இருக்கிற ரெண்டு கம்பையும் வச்சுத்தான் நான் பார்க்க முடியும். அப்படிப் பார்த்தா பந்து உள்ள."

பிறகு திரும்பினார். "பத்துமலை, நட்டது நீங்கதானே?"

"ஆமாங்கய்யா."

"எந்த இடம்னு தெரியுமா?"

அங்கே மழையில் புல் படர்ந்து மண்ணும் இலையுமாய் எல்லா இடமும் ஒன்றுபோல் இருந்தது. ஒருவரும் கண்டுபிடிக்க முடியாது. தெரியவில்லை ஐயா என்று சொன்னால் போதும். ஐம்பத்திரண்டு வயது ஆளுக்கு ஓர் இடம் மறந்துபோவது அதிசயமில்லை. யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

அர்ச்சுனன் அவரைப் பார்த்தான்.

ஆறு வருசத்தில் முதல் முறை. கோபமாகப் பார்க்கவில்லை. அதுதான் பத்துமலைக்குத் தாங்க முடியாமல் இருந்தது. சின்ன வயதில், எஸ்டேட் லயத்து வீட்டில் அடி விழும் என்று தெரிந்தால் அண்ணன் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்ப்பானே, அந்தப் பார்வை.

பத்துமலை முட்டி போட்டு உட்கார்ந்தார். கையால் புல்லை விலக்கினார். இரண்டு சாண் தள்ளி இன்னொரு முறை விலக்கினார். விரலில் செங்கல் முனை பட்டது.

"இங்கதாங்கய்யா," என்றார்.

மண்ணைத் தோண்டிக் காட்டினார். நாலு பக்கமும் உடைந்த செங்கல், நடுவில் கம்பின் அளவுக்குப் பொந்து. யாரோ அதில் மண்ணையும் சருகையும் தள்ளி மூடியிருந்தார்கள்.

கயிறு கொண்டுவந்தார்கள். பதினாறாம் கம்பின் உட்பக்க அடியிலிருந்து பொந்துக்கும், பொந்திலிருந்து பதினெட்டுக்கும் இழுத்துப் பிடித்தார்கள். பந்து கயிற்றுக்கு நாலு விரல் வெளியே கிடந்தது.

"வெளி," என்றார் சாத்தப்பன். குரலில் வருத்தம் இருந்தது.

 அர்ச்சுனன் பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, அடித்த இடத்துக்குத் திரும்பி நடந்தான். இருநூறு கஜ தூரம் இருக்கும். அத்தனை பேரும் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அடுத்த அடி நன்றாக விழுந்தது. அதற்கடுத்தது மணற்குழியில். அங்கிருந்து எடுத்து, குழியைச் சுற்றிய கிரீனில் போட்டான். ஆ சேங் நாலில் முடித்திருந்தான். அர்ச்சுனன் இதைக் குழிக்குள் தள்ளினால் சமம்; இன்னொரு ஆட்டம் உண்டு. கைநீளத் தூரம்தான். பந்து குழியின் உதட்டைத் தொட்டு விலகிப் போயிற்று.

ஓர் அடியில் தோற்றான்.

ஆ சேங் கை நீட்டினான். அர்ச்சுனன் கை கொடுத்தான். தொப்பியைக் கழற்றி, கேப்டனுக்கும் தலையசைத்தான். அண்ணன் நின்ற பக்கம் திரும்பாமல் போனான்.

* * *

ஒரு மணிக்குச் சாத்தப்பன் கொட்டகைக்கு வந்தார். கேப்டன் கொட்டகைக்கு வருவது வழக்கமில்லை. பத்துமலை எழுந்து நின்றார்.

"உட்காருங்க. நீங்க செஞ்சது சின்ன விசயமில்ல," என்றார் சாத்தப்பன். "ஆனா இதோட முடியல. கம்பு தானா நடந்து போகாது. அர்ச்சுனனுக்காக யாரோ பிடுங்கினாங்கன்னு ஒரு பேச்சு ஓடுது. அண்ணன்தான் பிடுங்கிட்டு, கூட்டத்தப் பார்த்ததும் பயந்து மாத்திச் சொல்லிட்டாருன்னுகூட ஒரு மெம்பர் சொல்றாரு."

பத்துமலை தரையைப் பார்த்தார்.

"நான் நம்பல. ஆனா நேத்து நாப்பத்தொண்ணும் இருக்குன்னு கையெழுத்துப் போட்டது நீங்க. நாளைக்கு ஒன்பது மணிக்குக் கமிட்டி கூடுது. என்ன நடந்துச்சுன்னு எழுதிக் கொடுங்க. யாருன்னு தெரிஞ்சா பேரை எழுதுங்க. தெரியலன்னா தெரியலன்னு எழுதுங்க. நீங்க எழுதினா கமிட்டி நம்பும்." வாசல்வரை போனவர் நின்றார். "இன்னொண்ணு. தைமாசம் புது பயிற்சித் திடல் தொறக்கிறோம். இன்னொரு ஆள் வேணும். அர்ச்சுனனத்தான் நெனச்சு வச்சிருக்கேன், அவன்கிட்டயும் சொல்லிட்டேன். இந்தக் கம்பு விசயத்துல அவன் குடும்பத்துப் பக்கம் கறை வராம இருந்தாத்தான் நான் பேச முடியும்."

அவர் போனதும் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அது விழுந்த சத்தத்தில் மங்களம் வந்து நின்றதைப் பத்துமலை கவனிக்கவில்லை. முழுக்க நனைந்திருந்தாள்.

"தம்பி எங்க?" என்றார்.

"மோட்டார எடுத்துக்கிட்டுப் போயிட்டான். எங்கன்னு தெரியல." பத்துமலை துண்டை எடுத்துக் கொடுத்தார். அவள் துடைத்துக்கொள்ளவில்லை. கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"என்னைத் திட்டத்தானே வந்தே? திட்டிட்டுப் போ," என்றார் பத்துமலை. "வேற யாரு இருக்கா திட்டுறதுக்கு."

"நான்தாண்ணே புடுங்கினேன்."

மழைச் சத்தத்தில் தவறாகக் கேட்டதாக நினைத்தார்.

"நேத்து ஒங்களுக்குக் கொழம்பு வச்சுட்டு ஆறு மணி பஸ்ஸுக்குப் போனேன்ல. ஸ்டோர் பாதையா போனேன். அவன் ஒரு மாசமா அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தான். 'அக்கா, பதினேழு குழி நான் பாத்துக்குவேன், அந்தக் கடைசிக் குழி, ஸ்டோர் முன்னுக்கு நிக்கிற வெள்ளக் கம்புதான் எனக்குப் பயம்'னு. போற வழியில அது நின்னுச்சு." அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "கம்பு இல்லன்னா வெளின்னு சொல்ல மாட்டாங்கன்னு நெனச்சேன். புடுங்கி, குழிய மண்ணால மூடிட்டு, கம்ப பாரிட்டுத் தண்ணில போட்டுட்டேன். எனக்கு அந்தச் சட்டமெல்லாம் என்னண்ணே தெரியும்?"

பத்துமலை கட்டிலில் உட்கார்ந்தார்.

"கம்பு இருந்திருந்தா அவனுக்குக் கண்ணுல பட்டிருக்கும்," என்றார். யாருக்கும் கேட்காத மாதிரி சொன்னார். "அங்கயே சந்தேகப்பட்டு வேற பந்து அடிச்சிருப்பான். அவ்வளவு பேரு முன்னுக்குத் திரும்பி நடந்திருக்க மாட்டான். கடைசி அடியும் தப்பியிருக்காது."

சொல்லியிருக்கக் கூடாது என்று உடனே தெரிந்தது. மங்களத்தின் முகம் அப்படியே நின்றுபோயிற்று.

"அவனுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"இன்னும் சொல்லல. நான் எப்படிண்ணே சொல்றது?" பிறகு துண்டைக் கட்டில்மேல் வைத்தாள். "நீங்க ஏண்ணே தெரியலன்னு சொல்லல? ஒரு தடவ. ஒரே ஒரு தடவ."

அதற்கு அவரிடம் பதில் இருந்தது. தெரிந்த இடத்தைத் தெரியாது என்று எப்படிச் சொல்வது என்பதுதான் அந்தப் பதில். அதை வாய்விட்டுச் சொன்னால் எவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நினைத்து வேறு பேச்சுக்குப் போனார்.

"நாளைக்கு எழுதிக் கேட்டிருக்காங்க," என்றார். "யாரு புடுங்கினதுன்னு."

"எழுதுங்க. நான் செஞ்சதுதானே."

"ஒன் பேர எழுதினா தம்பிக்குத் தைமாசம் வர்ற வேலையும் போவும்."

 "எனக்கு ஒங்க ரெண்டு பேரையும் விட்டா ஆளில்லண்ணே," என்றாள். "நேத்து வரைக்கும் ரெண்டு பேரு இருந்தீங்க."

மழை விடுவதற்கு முன்பே பஸ்ஸுக்குப் போய்விட்டாள். குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். கேட் வரை போனபோது காம்பார் பக்கமிருந்து வந்த ஈப்போ பஸ் அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பியிருந்தது.

* * *

மழை ஓய்ந்த பிறகு ஸ்டோர் ஓரத்துப் பாரிட்டு வாய்க்காலில் இறங்கித் தேடினார். முழங்கால் தண்ணீரில் அரை மணி நேரம் துழாவியதில் கம்பு கிடைத்தது. அடியில் அவர் எழுதிய பதினேழு அழியாமல் இருந்தது. பொந்தைத் துப்புரவாக்கி, நட்டு, செங்கல் போட்டு இடித்தார். செய்ய வேண்டிய வேலை அது ஒன்றுதான் தெளிவாக இருந்தது.

ஆறரை மணிக்குக் கிராணி கொடுத்த தாளை மேசையில் விரித்தார். தேதி எழுதினார். கம்பு எண் எழுதினார். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பார்த்தபோது இருந்தது என்று எழுதினார். ஞாயிறு காலை நான் சுற்றிப் பார்க்கவில்லை, அது என் தவறு என்றும் எழுதினார். அதுவரை எல்லாம் உண்மை. பேனா அதற்குமேல் போகவில்லை.

தெரியவில்லை என்று எழுதலாம். இத்தனை வருசத்தில் அவர் எழுதும் முதல் பொய்யாக இருக்கும். அவர் எழுதியதால் அதை எல்லோரும் நம்புவார்கள். மங்களம் என்று எழுதலாம். அது உண்மை. அதை எழுதிவிட்டு அடுத்த சனிக்கிழமை யாருடைய காலடிக்குக் காத்திருப்பது?

வெளியே மோட்டார் சத்தம் கேட்டது. அணைந்தது.

அர்ச்சுனன் வாசலில் நின்றான். காலையில் போட்டிருந்த அதே சட்டை, மழையில் நனைந்து உடம்பிலேயே காய்ந்திருந்தது. அறையை ஒருமுறை பார்த்தான். பாப்பாவின் படம், ஒற்றைக் கட்டில், கவிழ்த்து வைத்த ஒரே மங்கு.

"அக்கா சொல்லிருச்சு," என்றான்.

பத்துமலை எழுந்தார். "உள்ள வா."

அவன் வரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "கமிட்டிக்கு எழுதிக் கொடுக்கணும்னு சொன்னிச்சு. அக்கா பேர எழுதாதீங்க. என் பேர எழுதுங்க."

"நீ புடுங்கலியே."

"யாருக்குத் தெரியும்? எனக்காகப் புடுங்கினதுதான். நான் புடுங்கின மாதிரியே எழுதுங்க."

"அர்ச்சுனா, கேப்டன் தைமாசத்து வேலையப் பத்தி ஒன்கிட்ட சொன்னாருதானே?"

"சொன்னாரு."

"ஒன் பேச்சக் கேட்டு இந்தத் தாளுல ஒன் பேரு வந்துச்சுன்னா, இந்தக் கேட்டுக்குள்ள இனிமே நீ வரவே முடியாது. மட்டையத் தொட முடியாது."

"தெரியும்லா." அவன் நிலையிலிருந்து கையை எடுத்தான். "போன தடவ நான் செஞ்சத நீங்க சொன்னீங்க. அதுக்கு நான் ஆறு வருசம் பேசாம இருந்தேன். இந்தத் தடவ நான் செய்யாதத சொல்லுங்க. அக்காவுக்காகக் கேக்குறேன். எனக்காக இல்ல."

 ஆறு வருசத்தில் தம்பி அவரிடம் பேசியது இவ்வளவுதான். அதுவும் அவரால் செய்ய முடியாத ஒன்றைக் கேட்டு.

"அக்கா எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"பாயில படுத்திருக்கு. சாப்புடல. சொவத்தப் பாத்துக்கிட்டே கெடக்குது."

"நேத்து வச்ச கொழம்பு இருக்கு. உக்காந்து ஒரு வாய் சாப்ட்டுப் போ."

அர்ச்சுனன் தலையை ஆட்டினான். வேண்டாம் என்றா, இன்னொரு நாள் என்றா, தெரியவில்லை. மோட்டாரை உதைத்தான். விளக்கு கித்தா மரங்களுக்கு ஊடே போய் ரோட்டில் திரும்பி மறைந்தது.

பத்துமலை மேசைக்கு வந்தார். உட்காரவில்லை. தாளை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கமிட்டி ஒன்பது மணிக்கு. ஈப்போவுக்கு முதல் பஸ் ஐந்தரைக்கு. போய்த் திரும்ப நேரம் இருக்கும். இத்தனை காலம் தன் உண்மையைத் தானே தனியாக முடிவுசெய்து, தனியாகச் சொல்லி, தனியாக வந்து படுத்தாயிற்று. இதை மூன்று பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்துதான் பேச வேண்டும். பேசி என்ன ஆகும் என்பது வேறு விசயம்.

கடிகாரத்தில் அலார மணி வைத்துக்கொண்டிருக்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. சனிக்கிழமை தவறாமல் அவள் இங்கே வந்திருக்கிறாள். அவர் ஒருநாளும் அங்கே போனதில்லை. புந்தோங்கில் தங்கச்சி வீடு எந்தத் தெருவில் என்பதுகூட அவருக்குத் தெரியாது.

விடியுமுன்பே கச்சாங் பூத்தே வறுக்கத் தொடங்கிவிடுவார்கள். அங்கே போய்க் கேட்டால் யாராவது சொல்வார்கள்.